மே மாதத்தில் பெரியப்பா வரமாட்டார்

வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோதுதான் அவள் எனக்கு அறிமுகமானாள். கடைவாய்ப் பல்லுக்குள் ஊசி, கன்னத்துக்குள் பஞ்சு, நாக்குக்கடியில் தண்ணீர் உறிஞ்சும் குழாய். இந்தக் கோலத்தில் கிடக்கிற ஆளிடம் அவள் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்புக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த பல் கிளினிக் அது. ஒரு கர்னல் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுக்குப் பல் கட்டணும்" என்று நின்றாராம். நாய் தானாகவே இதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததாம்.

"உக்காந்துட்டு என்னைப் பார்த்துச்சு பாரு ஒரு பார்வை..." என்றவள் சட்டென்று, "ஹவ், முடிஞ்சுது. கொப்புளிங்க" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாய்க்குப் பல் கட்டினாளா இல்லையா? மரத்துப்போன உதட்டோடு குகட்பள்ளி ஹாஸ்டல் வரைக்கும் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு போனேன். பல்வலி போன இடம் தெரியவில்லை. கதைதான் வலித்தது.

அடுத்த முறை போனபோது என் கழுத்தில் கேமரா தொங்கியது. நான் அப்படிப்பட்ட ஆள். ஒரு மாதம் கிடார், ஒரு மாதம் ஜப்பானிய மொழி, ஒரு மாதம் நீச்சல். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் திரையைப் பார்க்கும் வேலை. அதனால் திரையே இல்லாத ஒரு கேமரா கிடைத்ததும் தலைகால் புரியாமல் கறுப்பு வெள்ளை ஃபிலிமாக வாங்கிச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"ஃபிலிமா? யாரு கழுவறா?" என்று கேட்டாள்.

"கடையில குடுக்கறேன் டாக்டர். அவங்க வேற ஊருக்கு அனுப்பி..."

"கைக்கு? எதுக்கு அனுப்பணும்? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பாத்ரூம் இருக்கில்ல? அப்புறம் டாக்டர்னு கூப்பிடாதே. அது வாய் திறந்திருக்கும்போது மட்டும்."

அப்படித்தான் அவள் எனக்கு அக்கா ஆனாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். பல் மருத்துவம் படித்த காலத்தில் தபால்தலை அளவு எக்ஸ்ரே ஃபிலிமைக் கையால் கழுவிப் பழகியவள். மற்ற மாணவர்களெல்லாம் அந்த இருட்டறையைக் கண்டு ஓட, இவளுக்கு மட்டும் அங்கே பேச்சு பொங்கியதாம். அவள் குடும்பம் ரயில்வே வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து எந்தக் காலத்திலோ செகந்திராபாத் வந்தது. தமிழ் கொட்டும், நடுநடுவே 'ஹவ்', 'நக்கோ' என்று ஆமாமும் வேண்டாமும் ஹைதராபாத் உருதுவில் வரும், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. நான் எழுதும் இந்தக் கதையையும் நான்தான் போனில் படித்துக் காட்ட வேண்டும். பாதியில் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள் என்பது வேறு விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை! மாடியில் ஒரு சின்னக் குளியலறை. ஜன்னலில் கறுப்புக் காகிதம், அதன் மேல் ஒரு பழைய கம்பளி. கதவுக்கடியில் சுருட்டிய துண்டு. கீசரின் சின்னச் சிவப்பு விளக்கின் மேல்கூட பிளாஸ்திரி. வாஷிங் மிஷின் தலையில், பழைய சாமான் சந்தையில் பிடித்த, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், ஒட்டகம் மாதிரி கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றது. முதலில் ஒரு பாழாய்ப்போன ஃபிலிமைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுவும் டப்பாவுக்குள் வைக்கிற சக்கரத்தில் சுற்றிப் பழகச் சொன்னாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

இருட்டென்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கையை முகத்துக்கு நேரே ஆட்டினேன். கை இல்லை. பாட்டில் திறப்பானால் ஃபிலிம் டப்பியை நெம்பினேன். நாடா போல ஃபிலிம் வழுக்கிக்கொண்டு வந்தது. சக்கரத்தின் காடிக்குள் போக மறுத்து மடங்கியது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"தள்ளாதேடி. பொக்கை வாயில பல்செட் மாட்டற மாதிரி. நீ தள்ளினா கடிக்கும். வழி விடு, அதுவே போகும்" என்றது இருட்டு.

போனது! சக்கரம் சுழலச் சுழல, க்ளிக் க்ளிக்கென்று ஃபிலிம் உள்ளே ஓடியதை விரல் நுனியில் உணர்ந்தபோது நான் போட்ட கூச்சலில் கீழே அவள் அம்மா, "என்னடி, பல்லியா?" என்று கேட்டார்.

டப்பாவுக்குள் சக்கரத்தை வைத்து மூடிவிட்டால் அப்புறம் விளக்குப் போடலாம். மூடி வெளிச்சத்தை உள்ளே விடாது, மருந்தை மட்டும் விடும். ஆனால் அவள் போடமாட்டாள்.

"மணி பார்க்க வேணாமா அக்கா? டெவலப்பர் எவ்வளவு நேரம் இருக்கணும்னு..."

"போன் வெளிய. வாட்ச் நக்கோ. முள்ளைப் பார்த்தா எனக்குக் கை பறக்கும். லைட்டு இருந்தா கதை வராது. கதைதான் டைம்."

இதுதான் அவள். இதுவேதான் அவள். ஃபிலிம் மருந்தில் ஊறும் நேரத்தை அவள் கதையால் அளந்தாள். டெவலப்பரை ஊற்றியதும் கதை ஆரம்பிக்கும். நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவாள். நேரம் முடிந்ததும் வாக்கியத்தின் நடுவில், சில சமயம் சொல்லின் நடுவிலேயே, "ஊத்து!" என்பாள். மருந்து வெளியே. கதையும் வெளியே. எத்தனை கெஞ்சினாலும் மீதியைச் சொல்லமாட்டாள். "ஃபிலிம் முடிஞ்சுபோச்சு. அப்புறம் கதை கைக்கு?"

டெவலப்பர் சூடாக இருந்தால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும், குளிர்ந்திருந்தால் இழுத்தடிக்கும். ஹைதராபாத் மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் டீயே போடலாம். அவள் அம்மா ஐஸ் கட்டியாகக் கொண்டுவந்து பக்கெட்டில் கொட்டியும் சூடு முழுக்கத் தணியாது. அதனால் விளக்கை அணைக்கும் முன் தெர்மாமீட்டரைப் பார்த்து அன்றைய கதையின் நீளத்தை அறிவித்துவிடுவாள்: "இன்னிக்குப் பெரியப்பா கிடையாது."

பெரியப்பா வருவது அவளுடைய முக்கியமான கதையில். அவளுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் சென்னையிலிருந்து ரயிலில் வந்த கதை. அவள் அப்பா ரயில் டிரைவர். தற்செயலாக அந்த வண்டிக்கே அவருக்கு டியூட்டி விழுந்து, காஜிப்பேட்டில் இன்ஜின் ஏறி அவர்தான் சம்பந்தி வீட்டாரைச் செகந்திராபாத்துக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார். அது அவர்களுக்குத் தெரியாது. மே மாதத்தில் கதை, வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைவதோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும், மாப்பிள்ளையின் பெரியப்பா மங்கி கேப்போடு இறங்குவார், விறுவிறுவென்று இன்ஜினை நோக்கி நடப்பார். ஊத்து! குளிர்காலத்தில்தான் பெரியப்பா வாய் திறப்பார்: "யோவ், ராவெல்லாம் ஹாரன் அடிச்சு மனுஷனைத் தூங்க விடலியேய்யா, நீயெல்லாம் டிரைவரா?" இன்ஜினிலிருந்து நீலச் சட்டையில் ஒருவர் இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வாங்க சம்பந்தி" என்பார்.

ஊத்து!

முதல் குளிர்காலத்தில் இதைக் கேட்டு இருட்டில் நான் வாஷிங் மிஷின் மேல் சாய்ந்து சாய்ந்து சிரித்தேன். பெரியப்பா வாய் திறப்பதற்காகவே வெயில் தணியட்டும் என்று காத்திருந்தேன்.

கதை நடக்கும்போது கேள்வி கேட்கக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் தனி. சார்மினார் பக்கம் நாளெல்லாம் அலைந்து எடுத்த என் இரண்டாவது ரோல். நடுவில் வாய் சும்மா இருக்காமல், "அந்தப் பெரியப்பா என்ன வேலை பார்த்தாரு?" என்று கேட்டுவிட்டேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. பெரியப்பாவின் வேலை, அவர் மனைவியின் சர்க்கரை வியாதி, அவர் பையன் கட்டிய பாலம் என்று கதை ஊதிப் பெருத்தது, ஃபிலிமும் அதுவரை டெவலப்பரிலேயே ஊறியது. கடைசி மருந்தான ஹைப்போவிலிருந்து ஃபிலிமை எடுத்து விளக்கில் பிடித்தால் தார் ரோடு மாதிரி இருந்தது.

"இந்தக் கறுப்பெல்லாம் என்ன தெரியுமா? நீ கேட்ட கேள்வி" என்றாள். அதைத் துணி கிளிப்பில் மாட்டிக் குளியலறைக் கதவிலேயே தொங்கவிட்டாள். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான், நிச்சயதார்த்தம் வரை வந்த அந்தப் பெண்ணுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் கேட்கவில்லை.

அவள் அப்பாவை அந்த வீட்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். மகள் பேசுவதையெல்லாம் மிச்சம் பிடித்து வைத்தவர் போல இருப்பார். "ம்" என்பார். "சாப்டியா" என்பார். கதையில் நீலச் சட்டையில் வந்தவர், வீட்டுக்கு எப்போதும் கட்டம் போட்ட சட்டையில்தான் வந்தார். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமிலேயே உடை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். கேமராவைக் கண்டால் நைசாக அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார். தெரு நாய், தயிர்க்காரர், எனக்குக் கட்டிவிட்ட பொய்ப்பல் என்று அவள் சகலத்தையும் படம் எடுத்திருந்தாள். அப்பா படம் ஒன்றுகூட இல்லை.

ஒரு ஜனவரியில் அவர் ரிட்டயர் ஆனார். கடைசி வண்டியைச் செகந்திராபாத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும்போது கூட வேலை பார்த்தவர்கள் மேளம் வைத்து மாலை போடுவதாக ஏற்பாடு. முந்தின நாள் அவள் என்னை அழைத்து, பேசிக்கொண்டே தன் கேமராவில் ஃபிலிமை மாட்டி, பேசிக்கொண்டே என் கழுத்தில் போட்டாள்.

"ஸ்டேஷனுக்கு வரலாமாம். ஃபோட்டோ கீட்டோ நக்கோன்னுட்டாரு. நான் எடுத்தா மூஞ்சியைத் திருப்பிப்பாரு. நீ எடு. அந்த நீலச் சட்டையோட எனக்கு ஒரே ஒரு ஃபோட்டோ வேணும். நாளைக்கு அப்புறம் அந்தச் சட்டை கிடையாதுடி."

அவள் குரலில் அப்படியொரு அவசரத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

எடுத்தேன். மறுநாள் காலை பிளாட்பாரத்தின் மங்கல் வெளிச்சத்தில் ரோல் முழுவதையும் அந்த இன்ஜின் ஜன்னலுக்கே செலவழித்தேன். மாலையும் கழுத்துமாக அவர் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே வீட்டுக்கு வந்தார், இட்லி சாப்பிட்டார், படுத்துத் தூங்கிவிட்டார். அவள் அம்மா நீலச் சட்டையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டார். நாங்கள் குளியலறைக்கு ஓடினோம். கேமராவிலிருந்து ஃபிலிமை வெளியே எடுத்தவள், முதல் தடவையாக, பேசுவதை நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"டயலைப் பாரு."

ஃபிலிம் டப்பியில் அதன் வேகத்தைக் காட்டும் ஒரு எண். கேமரா டயலில் அதைவிட மிகப் பெரிய எண். பேசிக்கொண்டே மாட்டியவள் டயலைத் திருப்ப மறந்திருக்கிறாள். உள்ளே இருப்பது ரொம்ப வேகமான ஃபிலிம் என்று நம்பிய கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் துளித் துளி வெளிச்சம்தான் கொடுத்திருக்கிறது. வழக்கம்போலக் கழுவினால் கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம்தான் வரும். வெகு நேரம் டெவலப்பரில் ஊற வைத்தால் ஒருவேளை தேறும்.

அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். ஜனவரித் தண்ணீர். சில்லென்று இருந்தது. அதுவே நீளமான கதை. அதற்கு மேலும் வேண்டும்.

"பெரியப்பா போதாது" என்றாள். விளக்கை அணைத்தாள்.

டெவலப்பர் டப்பாவுக்குள் இறங்கும் சத்தம். கதை ஆரம்பித்தது. காஜிப்பேட். ஹாரன். மங்கி கேப். "வாங்க சம்பந்தி." வழக்கமாக ஊத்து வரும் இடம் வந்தது. டப்பா ஒரு தடவை கவிழ்ந்து நிமிர்ந்தது. கதை நிற்கவில்லை.

"பெரியப்பா சிரிச்சாரு. அட நீங்கதானான்னு கை குடுத்தாரு. எல்லாரும் சிரிச்சோம். நல்ல மனுஷங்கன்னு நெனச்சேன். மாப்பிள்ளையோட தம்பி போனை எடுத்தான். ஸ்டேஷன் போர்டு தெரியற மாதிரி எல்லாரும் நில்லுங்கன்னான். அப்பா என் பக்கத்துல வந்து நின்னாரு. அப்போ பெரியப்பா, ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. 'சம்பந்தி, அந்தச் சட்டையை மாத்திட்டு வந்துடுங்களேன். இந்த ஃபோட்டோ ஊர்ல எல்லாருக்கும் போகும்.'"

டப்பா கவிழ்ந்தது. நிமிர்ந்தது.

"அப்பா சரின்னாரு. சரின்னுட்டு போய் டீக்கடைத் தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாரு. கைகூட ஃபோட்டோல விழுந்துடக்கூடாதுன்னு பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறாரு. நான் வரவேற்க வாங்கிட்டு வந்த பூச்செண்டைக் கொண்டுபோய் பெரியப்பா கையில வச்சேன். 'ஊருக்குத் திரும்பற வண்டி சாயந்தரம் இருக்கு. வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம்'னேன். அவ்ளோதான், நிச்சயதார்த்தம் முடிஞ்சுபோச்சு."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா என்னைத் திட்டலைடி. திட்டியிருக்கலாம். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் அந்தச் சட்டையோட வீட்டுக்கு வந்திருக்காரு. என் கல்யாணம் அவர் சட்டையால நின்னுபோச்சுன்னு நெனச்சுட்டாரு. நான் எவ்ளோ பேசறேன்! ஊர்ல ஒருத்தரை விடறதில்ல. இதை மட்டும் அவர்கிட்ட பேச எனக்கு வாய் வரலை."

டப்பா கவிழ்ந்தது. நிமிர்ந்தது. குழாய் சொட்டுவது கேட்டது.

"கதை தீந்துபோச்சு. நேரம் இன்னும் இருக்கு. நீ சொல்லு."

"நானா? எனக்கு என்னக்கா தெரியும்?"

"எதையாவது சொல்லுடி. கை நிக்கக்கூடாது."

என் வாயில் வந்தது அன்று காலைதான்.

"வண்டி உள்ள வந்துச்சுல்ல அக்கா, அப்போ நீ கீழ விழுந்த மாலையை எடுக்கக் குனிஞ்சே. நான் இன்ஜின்கிட்ட ஓடினேன். உங்கப்பா ஜன்னல் வழியா கேமராவைப் பார்த்துட்டாரு. பார்த்ததும் தலையை உள்ள இழுத்துக்கிட்டாரு. போச்சுடான்னு நெனச்சேன். கேமராவைக் கண்ணுலேர்ந்து எடுக்கலை. உள்ள என்ன பண்றாருன்னா..."

இங்கே டப்பாவின் மூடியில் அவள் விரல் உரசுவது கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். பழக்க தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

"நேரம் ஆயிடுச்சா அக்கா? ஊத்தவா?"

டப்பா மறுபடி கவிழ்ந்து நிமிர்ந்தது. கதவில் தொங்கும் அந்தத் தார் ரோட்டை நினைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஃபிலிம் கெட்டுடும்!"

"முடிச்சிட்டு ஊத்துடி."

"சீப்பு எடுத்தாரு அக்கா! சட்டைப் பையிலேர்ந்து. கண்ணாடி ஜன்னல்ல முகத்தைப் பார்த்துத் தலை வாரினாரு. மேல் பட்டனைப் போட்டாரு. உதவி டிரைவர் சிரிச்சுக்கிட்டே காலரைச் சரி பண்ணி விட்டாரு. அப்புறம் ஜன்னல்ல தலையை நல்லா வெளிய நீட்டி..."

"நீட்டி?"

கேள்வி கேட்டது அவள்!

"உன்னைத் தேடினாரு. நீ குனிஞ்சிருந்தே. என்னைப் பார்த்து, அவ எங்கன்னு கையால கேட்டாரு. நீ எடுக்கப்போறேன்னு நெனச்சுத்தான் தலை வாரியிருக்காரு."

"பொய் சொல்லாதே."

"ஃபிலிம்ல இருக்குக்கா!"

ஊற்றினோம். வினிகர் தண்ணீர், ஹைப்போ, அலசல். விளக்கைப் போட்டு ஃபிலிமை உருவினாள். கறுப்பு கூடித்தான் போயிருந்தது, மணலைத் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாய். ஆனால் இருந்தது. கட்டம் கட்டமாக ஒரே ஜன்னல், ஒரே மனிதர். ஹேர் டிரையரால் அதை உலர்த்தியதில் கீழே அவள் அம்மா, "பட்டப்பகல்ல யாருடி தலைக்குக் குளிக்கறது?" என்று சத்தம் போட்டார். பிரிண்ட் தாளுக்குச் சிவப்பு விளக்கு ஆகும். அந்த வெளிச்சத்தில், தட்டில் மிதந்த வெள்ளைத் தாளில் முதலில் ஜன்னல் வந்தது, பிறகு சட்டை, பிறகு தலைக்கு மேலே தூக்கிய கை, கையில் சீப்பு. அவள் தாளைக் கிடுக்கியால் பிடித்துக்கொண்டு நின்றாள். கதை இல்லாமல் நான் பார்த்த முதல் பிரிண்ட்.

ஈரம் சொட்டச் சொட்ட மொட்டைமாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் தூங்கி எழுந்து, கட்டம் போட்ட சட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் படத்தை நீட்டினாள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

"சட்டை கறுப்பா விழுந்திருக்கு" என்றார்.

"நீலம்தான்ப்பா."

"தெரியுது."

டீ டம்ளரைச் சுவர் மேல் வைத்தார். கொடிக்குப் போய் நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். கை மடிப்பில் இன்னும் ஈரம். அப்படியே எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டி, கழுத்து வரைக்கும் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"இதுல சீப்போட நிக்கறேன்" என்றார். "நேரா ஒண்ணு எடு. நீ எடு. வெளிச்சம் போறதுக்குள்ள."

அவள் புது ஃபிலிமை எடுத்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டாள். அட்டைப்பெட்டியில் எண்ணைப் பார்த்தாள், டயலைத் திருப்பினாள், மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் மாட்டி முடித்தாள்.